உப்பில்லாத பொறை

1

கூப்பருக்கு நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உரிமம் முடியப்போகிறது, புதுப்பித்துக்கொள்ளவும் என்று. கூப்பர் எங்கள் வீட்டு நாய். அது செத்து இந்தத் தை மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆரணியில் போய் நாய்க்கு உரிமம் என்று சொன்னால், முதலில் என் பெயரை ரேஷன் கார்டில் சேர்த்துக் கொடு, நாயை அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். இங்கே எட்மன்டனில் ஒவ்வொரு நாய்க்கும் எண் உண்டு, கழுத்தில் தகடு உண்டு. நாய் இல்லாமல் போனால் அதற்கும் ஒரு படிவம். அதில் மூன்று கட்டங்கள்: வேறு ஊருக்குப் போய்விட்டது, வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், இறந்துவிட்டது. ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்பினால் போதும். எப்படி இறந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன எழுதுவது என்ற யோசனையிலேயே அந்தத் தாள் ஒரு வாரமாக ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

சென்ற முறை இந்தப் பக்கத்தில் எழுதியபோது, இந்தக் குளிர் தேசம் பெற்ற பிள்ளைகளை நம்மிடமிருந்து பிரித்துவிடுகிறது என்று புலம்பியிருந்தேன். மகள் தனி வீடு பார்த்துக்கொண்டு போனதையும், போனில் "ம்", "சரி" என்பதற்கு மேல் பேசாததையும் எழுதியிருந்தேன். பல பேர் ஆறுதல் சொல்லிப் பதில் எழுதினீர்கள். உங்களில் சிலர் அழுததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஆறுதலுக்கு நான் லாயக்கில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்குள் நுழைந்தால் பேக்கரி வாசனை அடிக்கும். நான் சுடுவது நாய் பிஸ்கட். முழுக் கோதுமை மாவு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய், ஒரு முட்டை, உப்பும் இனிப்பும் சேர்க்காத வேர்க்கடலை விழுது. அவ்வளவுதான். வேர்க்கடலை விழுது வாங்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தை முழுவதும் படிப்பேன். சிலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாக ஏதோ ஒரு இனிப்பைப் போடுகிறார்கள், அது நாய்க்கு ஆகவே ஆகாது. கடைப் பையன்கள் இந்தக் கிழவி என்ன பரீட்சைக்குப் படிக்கிறாளா என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். தேய்த்து, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டி, ஒரு முறை சுட வேண்டும். ஆறியதும் சூட்டைக் குறைத்து மறுபடி உள்ளே தள்ளிக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் நாலு நாளில் பூசணம் பிடிக்கும்.

இரண்டு முறை சுடுவது அப்பாவின் கடையில் பார்த்தது. ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பா பேக்கரி வைத்திருந்தார். ஊரே பட்டு நூலில் கிடந்தபோது நாங்கள் மைதா மாவில் கிடந்தோம். அங்கே பொறை என்று ஒன்று போடுவோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பன்னுக்கும் ரஸ்க்குக்கும் நடுவில், உள்ளங்கை அளவில் காய்ந்து கிடக்கும் ஒரு வஸ்து. டீயில் நனைத்தால் மனிதன் தின்னலாம், நனைக்காவிட்டால் நாய்தான் தின்னும். வந்தவாசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் இரண்டு வாங்கி, ஒன்றைத் தாங்கள் தின்றுவிட்டு இன்னொன்றைக் காலடியில் நிற்கும் நாய்க்குப் போடுவார்கள். ஆசை காட்டி ஒருவரை வசப்படுத்துவதையே எங்கள் வீட்டில் பொறை போடுவது என்போம். கல்யாணமான புதிதில் அப்பா கடை பிஸ்கட்டைத் தட்டில் வைத்து நீட்டினால் எங்கள் வீட்டுக்காரர், "இன்னாமே, எனக்கே பொறை போடறியா?" என்பார்.

அப்பா கடையில் கேக் கெட்டுப்போனாலும், க்ரீம் புளித்தாலும் கடைக்குப் பின்னால் படுத்திருக்கும் நாய்களுக்குத்தான் போகும். "நாய்க்கு இன்னா ஆவும்? கல்லத் துன்னாலும் செரிச்சிடும்" என்பார். கல்யாண மண்டப வாசலில் நாய்கள் எச்சில் இலையைப் பாயசத்தோடு நக்குவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். எந்த நாயும் பாயசம் தின்று செத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. தெருநாய் செத்தால் எதனால் செத்தது என்று யாரும் கேட்பதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

3

கூப்பரைக் கொண்டுவந்தவள் என் மகள் அபிராமி. வெளியில் அவள் பெயர் ஏபி. இங்கே தமிழ்ப் பள்ளியில் டீச்சர், "இன்னா இல்லம்மா, என்ன என்று சொல்லணும்" என்று நாலு வருஷம் முட்டிப் பார்த்தும் இன்று வரைக்கும் இன்னாவை விடாதவள். அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் கோட்டுக்குள் வைத்து ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "வூட்டுக்குள்ள நாயா?" என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் இரண்டும் ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தன. அவர் அதைக் கூப்பர் என்று கூப்பிட்டதே கிடையாது, நைனா என்பார். எங்கள் பக்கம் அப்பாவும் நைனாதான், செல்லப் பிள்ளையும் நைனாதான். மூக்கு நுனி உறைகிற குளிரிலும் மாலை ஐந்தரைக்கு, "வா நைனா, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்" என்று கிளம்புவார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தை மாதத்தில், கட்டடத்துக்குக் கீழே எங்கள் காரைச் சுற்றிப் பனியை வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கூடப் போயிருந்த கூப்பர் குரைத்த சத்தத்தில்தான் நான் கீழே ஓடினேன். அதன் பிறகு தினமும் ஐந்தரைக்கு அது கதவருகே போய் உட்கார்ந்துகொள்ளும். நானும் அபியும் மாற்றி மாற்றிக் கூட்டிப்போனோம். வரும், ஆனால் வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரும்.

முதல் திதி வந்தது. ஐயரை வைத்துச் செய்ய வேண்டியதை ஆரணியில் என் கொழுந்தனார் செய்துவிட்டார். இங்கே நான் இலை மட்டும் போட்டேன். உறையவைத்து விற்கும் வாழை இலையை வெந்நீரில் இளக்கி, சோறு, வடை, வாழைக்காய் வறுவல், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வைத்தேன். அவருக்குப் பொங்கலில் திராட்சை பிடிக்கும். முந்திரியைப் பொறுக்கி மகள் தட்டில் போட்டுவிட்டுத் திராட்சையைத் தான் தேடித் தின்பார். அதனால் இரண்டு கைப்பிடி கூடவே போட்டேன். படையல் என்பதால் எதிலும் வெங்காயம் சேர்க்கவில்லை. வெங்காயமும் நாய்க்கு ஆகாதாம். அதை விலக்கச் சாஸ்திரம் இருந்தது, திராட்சையை விலக்க ஒன்றும் இல்லை.

பால்கனியில் இலையை வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றேன். காக்கை எடுத்த பிறகுதான் நான் சாப்பிட வேண்டும். இங்கே காக்கைகள் குளிருக்கு முன்னால் தெற்கே போய்விடுகின்றன. கறுப்பும் வெள்ளையுமாக நீள வாலோடு மேக்பை என்று ஒரு பட்சிதான் குளிரிலும் இருக்கும். எதற்கும் மசியாத பட்சி. அன்றைக்குப் பார்த்து அதுவும் வரவில்லை. ஆரணியில் மாடியில் நின்று கா என்று வாயைத் திறப்பதற்குள் நாலு வந்து நிற்கும். நான் இங்கே அடுக்குமாடி பால்கனிக் கதவை ஒரு விரல் அளவு திறந்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்காதபடி கா கா என்று கூப்பிட்டேன். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. சோறு விறைத்துவிட்டது. அவருக்கு என்மேல் கோபமா, இவ்வளவு தூரம் வழி தெரியவில்லையா என்று அழுகை முட்டியது.

அப்போது கூப்பர் வந்து கதவைப் பிறாண்டியது. என்னைப் பார்த்தது, இலையைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. எனக்கு அவரே வந்து நிற்பது போல இருந்தது. கதவைத் திறந்துவிட்டேன்.

அது ஒரு பருக்கை விடாமல் தின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதன் பிறகு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

அன்று மாலை, ஊரில் மறுநாள் காலை, ஆரணியிலிருந்து என் தங்கை விஜயா போன் செய்தாள். "இன்னாக்கா, காக்கா வந்து எடுத்துச்சா?"

"வந்துச்சிடி" என்றேன். அதுதான் முதல் பொய்.

4

மறுநாள் கூப்பர் வாந்தி எடுத்தது. அபி வேலையிலிருந்து ஓடிவந்தாள். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள். இரண்டு பேருமாக அதைக் காரில் ஏற்றி நாய் மருத்துவரிடம் கொண்டுபோனோம். மருத்துவர் சின்னப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, அதன் வழக்கமான சாப்பாட்டைத் தவிர வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று என்னிடம் கேட்டாள்.

"ஒன்றும் கொடுக்கவில்லை, டாக்டர்" என்றேன்.

திராட்சை நாய்க்கு விஷம் என்று அப்போது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நான் மறைத்தது வேறொன்றை. புருஷனுக்குப் படைத்த இலையை நாய்க்குப் போட்டுவிட்டு வந்து சாப்பிட்டேன் என்பதை எப்படிச் சொல்வது? அபி அப்பாவின் திதிக்காக அரை நாள் லீவு கேட்டுக் கிடைக்காமல் அழுதுகொண்டே வேலைக்குப் போனவள். அவளிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு விஜயா காதுக்குப் போனால், ஆரணியில் தெருவுக்குத் தெரிந்தால், கட்டினவனுக்கு வைத்ததை நாய்க்குப் போட்டவள் என்று ஆகிவிடாதா? வெட்கம். வேறு ஒன்றுமில்லை, வெறும் வெட்கம்.

சாதாரண வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கூப்பரால் எழுந்திருக்கவே முடியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். நான் காரில் உட்கார்ந்திருந்தேன். அபி வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"ம்மா, டாக்டர் கேக்கறாங்க. காருல உறையாம இருக்க ஊத்தற தண்ணி ஏதாவது குடிச்சுச்சா? பூச்செடி கடிச்சுச்சா? திராட்சை, உலர்ந்த திராட்சை ஏதாவது துன்னுச்சா?"

பொங்கலில் இரண்டு கைப்பிடி போட்டது நினைவுக்கு வந்தது. "இல்லியே" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அதுவரை சொன்ன பொய்களுக்கு வெட்கம் காரணம். இதற்கு என்ன காரணம் சொல்ல? பயம். அவள் முகத்தைப் பார்க்கப் பயம்.

ஐந்தாம் நாள் கூப்பரை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்கவைத்தார்கள். அதன் தலை அபி மடியில் இருந்தது. நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மணி மாலை ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்.

5

நாலு மாதம் கழித்து அபி வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். இங்கிருந்து அரை மணி நேர ஓட்டம். வேலைக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்றாள். தினமும் போன் செய்வேன், சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்பேன். ம் என்பாள். அதைத்தான் இந்த நாட்டின் குணம் என்று உங்களுக்கு எழுதினேன்.

நாய் பிஸ்கட் சுட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பிராயச்சித்தம் என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கட்டடத்தில் இருக்கும் நாய்களுக்குக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி, சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை போடச் சொன்னார்கள். அதற்கும் ஒரு படிவம். பிஸ்கட்டில் என்னென்ன இருக்கிறது என்று எடை வரிசையில், அதிகமாக இருப்பது முதலில் வரும்படி எழுதி ஒவ்வொரு பையிலும் ஒட்ட வேண்டுமாம். ஒன்றைக்கூட விடக் கூடாது, ஒரு சிட்டிகை என்றாலும் எழுத வேண்டும் என்று சந்தையை நடத்தும் பெண்மணி இரண்டு முறை சொன்னாள். நான் மேசையில் உட்கார்ந்து நூறு தடவை எழுதியிருப்பேன்: கோதுமை மாவு, பரங்கிக்காய், வேர்க்கடலை விழுது, முட்டை. முன்பின் தெரியாத நாய்களுக்கு ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். வீட்டு நாய்க்காகச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

6

சென்ற வாரம் வியாழக்கிழமை இரண்டாம் திதி. அபிக்குப் போன் செய்து வரச் சொன்னேன். வருவாள் என்று நம்பவில்லை. லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டாள். கூடவே ஒரு நாயும் வந்தது. காப்பகத்திலிருந்து எடுத்து வந்த வயதான பெட்டை நாய், உடம்பெல்லாம் கறுப்பு. மூன்று மாதமாக வைத்திருக்கிறாளாம், எனக்குத் தெரியாது.

"பேரு?" என்றேன்.

"மிளகு" என்றாள்.

படைத்தோம். பொங்கலில் முந்திரி மட்டும்தான் போட்டிருந்தேன். அவள் இலையைப் பார்த்தாள். இலையைப் பால்கனியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். மிளகு கதவருகே போனதும் அபி சட்டென்று அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதைக் கவனிக்காதது போல, சந்தைக்கென்று சுட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஒன்றை எடுத்தாள். நாய்க்குக் கொடுக்கவில்லை. விரலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இன்னாம்மா போட்டிருக்கே?"

"கோதுமை மாவு. பரங்கிக்காய். வேர்க்கடலை விழுது. முட்டை" என்றேன். நூறு தடவை எழுதியது, தானாகவே வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் தலை நிமிராமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் சக்கரைப் பொங்கல்ல ரெண்டு கைப்பிடி திராட்சை போட்டேன்" என்றேன். "அப்பாவுக்குப் புடிக்குமேன்னு. பட்சி எதுவும் வரல. கதவத் தெறந்து கூப்பருக்கு உட்டுட்டேன். டாக்டர் கேட்டப்ப இல்லன்னேன். நீ கேட்டப்பவும் இல்லன்னேன்."

"தெரியும்மா" என்றாள்.

கையில் இருந்த டப்பாவை மேசைமேல் வைத்தேன்.

"மூணாவது நாள் காலையில குப்பையக் கொட்டப் போனேன். இலை கெடந்துச்சி. பட்சி கொத்தின இலை அப்படி இருக்காது. நக்கித் தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சி. மடிப்புல ஒரு திராட்சை ஒட்டிகினு இருந்துச்சி."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"நீ கார்ல ஒக்காந்துகினு இருந்தப்பவே சொல்லிட்டேன்."

"மொத நாளே நான் சொல்லியிருந்தா பொழச்சிருக்குமா?"

இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். பொய் சொல்ல அவள் என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை.

"பொழச்சிருக்கலாம்னு சொன்னாங்க" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை, அழுது முடித்தவள் போல இருந்தாள்.

"தெரிஞ்சிகினே ஏண்டி என்னக் கேக்கல?"

"கேட்டேனேம்மா. கார்க் கண்ணாடியத் தட்டிக் கேட்டேனே. தெரிஞ்சிகினுதான் கேட்டேன். நீ சொல்லுவேன்னு நெனச்சேன்." கையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரியாமக் குடுத்ததுக்கு எனக்குக் கோவமே இல்ல. தனியாப் போனதுலேர்ந்து நீ போன் பண்ணும்போதெல்லாம், இன்னிக்குச் சொல்லிடுவே, இன்னிக்குச் சொல்லிடுவேன்னு எடுத்துகினு இருந்தேன். நீ சாப்ட்டியா, குளிருதான்னு கேட்டுட்டு வச்சிடுவே."

இந்தத் தேசம் அவளை என்னிடமிருந்து பிரிக்கவில்லை. அந்த ம் என்ற சத்தத்துக்குப் பின்னால் அவள் தினமும் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மேக்பை வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. எப்போது வந்தது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மாலை விஜயா கூப்பிட்டபோது போன வருஷத்துப் பொய்யை அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். "இதுக்காக்கா பொய் சொன்னே?" என்றாள். "நாயி துன்னா இன்னாக்கா? அது பைரவர் வாகனம் தானே. நம்ம தெருவுல காக்கா வரலன்னா நாய்க்குத்தான வைக்கிறாங்க." எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எந்த ஊர் வாய்க்குப் பயந்து ஒரு ஜீவனைப் பறிகொடுத்தேனோ அந்த ஊருக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் கிளம்பி வந்த வருஷத்து ஆரணியை மனதில் வைத்துக்கொண்டு பயந்திருக்கிறேன்.

7

அபி அன்று கிளம்பும்போது பிஸ்கட்டை டப்பாவிலேயே திருப்பிப் போட்டாள். மிளகு டப்பாவைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு வேணாம்மா" என்றாள். "அடுத்த சனிக்கிழமை வரேன். அப்பக் குடு. நான் இருக்கும்போது குடு."

நான் இருக்கும்போது. சரி என்றேன். கீழே கார் கிளம்பும் வரைக்கும் ஜன்னலில் நின்றேன். அவள் மேலே பார்த்துக் கை காட்டினாள், போன வருஷம் முழுக்க அவள் காட்டாத கை.

நகராட்சித் தாளில் மூன்றாவது கட்டத்தில் குறி போட்டு அனுப்பிவிட்டேன். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. யாரும் கேட்காவிட்டாலும் எழுதினேன்: உலர்ந்த திராட்சை, நான் கொடுத்தது. அதைப் படிக்கிற குமாஸ்தா என்ன நினைப்பாரோ தெரியாது.

இன்று வெள்ளிக்கிழமை. மிளகுக்கென்று தனியாக ஒரு ஈடு சுட்டு, இரண்டாம் முறையும் காயவைத்து, டப்பாவில் அடுக்கியாயிற்று. அபி கேட்பதற்கு முன்பே தெரியட்டும் என்று மூடிமேல் தாள் ஒட்டி, தமிழில் பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். கோதுமை மாவு, பரங்கிக்காய், வேர்க்கடலை விழுது, முட்டை. கையில் மாவு ஒட்டாமல் இருக்கத் தொட்டுக்கொண்ட தண்ணீரைக்கூட எழுதினேன். ஒன்றையும் விடவில்லை.